கரம்பு என்று எழுதிக் கொடுத்தது

ஊர்வலம் போனால் எதுவும் மாறாது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. மாறும். யாருக்கு மாறும் என்பதில்தான் தகராறு.

வேங்கிக்காலில் ஆபீஸ்கள் இருக்கிற ரோட்டில் மனு எழுதிக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். பெயர் வேடியப்பன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர் கேன். இருபத்திரண்டு வருஷமாகத் திருவண்ணாமலை மாவட்டத்தின் கஷ்டமெல்லாம் 'ஐயா, வணக்கம்' என்று என் கடையில்தான் ஆரம்பிக்கிறது. ஊர்வலம் வருகிற நாளில் முதலில் தண்ணீர் கேட்டு வருவார்கள், அப்புறம் நிழலுக்கு வருவார்கள், மனுவுக்கு வருவது கடைசியில்தான். கொடி பிடித்து வந்த எல்லாக் கட்சிக்காரனும் என் கேனில் குடித்தவன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கடைக்கு எதிரே ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து, தொழில் பூங்காவுக்கு நிலம் எடுக்கிற தனி ஆபீஸ் ஒன்றைத் திறந்தார்கள். எடுக்கப்போகிற பட்டியலில் முதல் ஊர் ஓதியந்தாங்கல். கீழ்பென்னாத்தூர் தாண்டி உள்ளே போக வேண்டும். அந்த ஊர்க்காரர்தான் கோதண்டராமன். ஐம்பத்தெட்டு வயது, மூன்றரை ஏக்கர் கழனி, கோடையிலும் வற்றாத கிணறு. ஊரில் அவரவர் கிணற்றைப் பற்றிப் பெருமை பேசுவது உண்டு. இவர் பேசினால் கேட்கிறவனுக்குத் தாகம் எடுக்கும்.

பட்டியல் வந்ததிலிருந்து மனுஷன் தூங்கவில்லை. மூன்று மாசம் பைக்கில் சுற்றி ஒன்பது ஊரைத் திரட்டினார். பங்குனி மாசம் ஒரு திங்கட்கிழமை, கீழ்பென்னாத்தூரில் விடிய ஆறு மணிக்குப் புறப்பட்டார்கள். வேங்கிக்கால் வந்து சேர மதியம் ஒன்றரை. இரண்டாயிரம் பேர் இருக்கும். தார் ரோடு இளகி, செருப்பு ஒட்டிக்கொண்டு அறுந்துபோக, பெண்கள் துண்டைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அதில் நடந்து வந்த கிழவிகளைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பழக்கப்பட்ட நான் அப்படி ஆவது அபூர்வம்.

கூட்டத்தில் பாறைப்பட்டு என்ற ஊரிலிருந்து நாற்பது பேர் வந்திருந்தார்கள். அந்த ஊர் பட்டியலிலேயே இல்லை. கோதண்டராமனின் ஒரே மகள் வினோதினியை அங்கே கட்டிக் கொடுத்திருந்தது. சம்பந்தி தசரதன் வீடு வீடாகப் போய் ஆள் கூட்டிக்கொண்டு இரண்டு டிராக்டரில் வந்திறங்கினார். "மாத்தாள் மாதிரிதாங்க," என்றார் என்னிடம். "இன்னைக்கு அவங்க கழனிக்கு நாங்க, நாளைக்கு எங்க கொல்லைக்கு அவங்க. இதுல இன்னா இருக்குது."

மாத்தாள் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். கூலி கிடையாது. நீ என் களைக்கு ஒரு நாள் வந்தால், நான் உன் அறுப்புக்கு ஒரு நாள் வருவேன். எழுத்து இல்லை, சாட்சி இல்லை, ஆனால் வராமல் போனவன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி காலியாக இருக்கும்.

உள்ளே ஐந்து பேர் மட்டும் வரலாம் என்று சொன்னார்கள். கோதண்டராமன் தலைமையில் ஐந்து பேர் போனார்கள். அரை மணி நேரம் கழித்து அவர் மட்டும் வேகமாக ரோட்டைக் கடந்து என் கடைக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது. அதிகாரி மரியாதையாகப் பேசினாராம். கழனியை எடுப்பதில் தனக்கும் இஷ்டமில்லை என்றாராம். ஆனால் பூங்கா எங்காவது வந்தாக வேண்டுமே, இடம் தெரிந்தவர் நீங்கள், பயிர் இல்லாத இடம் எது என்று நீங்களே எழுத்தில் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றாராம்.

"எழுதுங்க, வேடியப்பன்," என்றார். "எங்க ஊர் எல்லைய உட்டு மேக்கால போனா, பெரிய ஏரிக்கு அந்தப் பக்கம், பாறை வரைக்கும் முன்னூறு ஏக்கர் கரம்பு. புல்லு கூட கெடையாது. நானே பஸ்ஸுல போக வரப் பாத்துகினு இருக்கேன். அத எடுத்துக்கட்டும்."

யாருடைய இடம் என்று கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

"கரம்புதான்யா. எவனுக்கு இன்னா போவுது."

அவர் பொய் சொல்லவில்லை. இதை நான் இன்றைக்கும் சொல்வேன். கிணற்றுப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு, வருஷத்தில் ஆறு மாசம் காய்ந்து கிடக்கிற மானாவாரிக் கொல்லை நிலமாகவே தெரியாது. அவர் பாறைப்பட்டுக்குப் போனதெல்லாம் மாசி, பங்குனி, சித்திரையில். சீர் கொடுக்க, காதுகுத்துக்கு, திருவிழாவுக்கு. ஆடியில் விதைத்துக் கார்த்திகையில் பிடுங்குகிற பூமியை அவர் ஒரு தடவைகூடப் பச்சையாகப் பார்த்ததில்லை. பெண் கொடுக்கிறபோதுகூடச் சம்பந்தி வீட்டின் அரை ஏக்கர் கழனியைத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டார். நாலு ஏக்கர் கொல்லை இருக்கிறது என்று தசரதன் சொன்னதற்கு, அதெல்லாம் ஒரு நிலமா என்று சிரித்தாராம். எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்க்கவில்லை.

நான் டைப் அடித்துக்கொண்டிருக்கிறபோது வினோதினி உள்ளே வந்தாள். இருபத்தாறு வயது. தொண்டை கட்டிப்போய், முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கேனில் தண்ணீர் பிடித்து அப்பாவுக்கு முதலில் கொடுத்தாள். அப்புறம் தான் குடித்தாள்.

"இன்னாப்பா எழுதற?"

"மனுதான்மா. ஒரு அஞ்சு நிமிஷம். நீ போய் நெழல்ல நில்லு."

"நெழல் ஏது," என்று சிரித்துவிட்டுப் போனாள். வாசலைத் தாண்டுவதற்குள் வெளியே கோஷம் எழுந்தது. அவளும் கையைத் தூக்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். 'எங்கள் நிலம் எங்கள் உயிர்' என்று அவள் கத்தியது எனக்குக் கேட்டது. நான் 'பயிரிடப்படாத தரிசு நிலம்' என்று அடித்துக்கொண்டிருந்தேன். தாளின் கீழ் மூலையில் வழக்கம்போல என் கடைப் பெயர் சின்ன எழுத்தில் வந்தது. அவர் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினார்.

சித்திரையிலேயே பலன் வந்துவிட்டது. ஓதியந்தாங்கலை விட்டுவிட்டார்கள் என்று டிவியில் சொன்னார்கள். விவசாயிகளின் கோரிக்கை ஏற்கப்பட்டது, மாற்று இடம் பரிசீலனையில் இருக்கிறது என்று. மாற்று இடம் என்பது கடைசி வரி. கடைசி வரியை யாரும் கேட்பதில்லை, அதற்குள் வெடி வெடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

வைகாசியில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்குகிறோம், நீங்கள் கண்டிப்பாக வர வேண்டும் என்று கோதண்டராமன் கூப்பிட்டார். போனேன். பாறைப்பட்டிலிருந்து பதினெட்டுப் பேர் மாத்தாளாக வந்திருந்தார்கள். முந்தின நாள் கிணற்றுத் தண்ணீர் விட்டுப் பதமாக்கியிருந்த மண். ஆண்கள் குனிந்து ஒரே இழுப்பில் செடியைப் பிடுங்கி, மண்ணை உதறிப் பக்கத்தில் போட்டுக்கொண்டே போனார்கள். பெண்கள் புங்கமரத்தடியில் குவியலைச் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்தார்கள். வினோதினி ஆய்கிற வேகத்துக்குப் பக்கத்தில் இருந்தவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. மதியம் களியும் கருவாட்டுக் குழம்பும். சந்திரகலா, கோதண்டராமனின் மனைவி, எனக்கு மட்டும் இரண்டாவது உருண்டையை வேண்டாம் வேண்டாம் என்கிறபோதே தட்டில் உருட்டிவிட்டார். மனு எழுதின கை, நல்லா சாப்பிடட்டும் என்றார். நானும் சாப்பிட்டேன். வெட்கம் இல்லாமல் சாப்பிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று தசரதன் களத்தில் எல்லார் முன்னாலும் சம்பந்தியின் தோளைத் தட்டி, "இவரு இல்லன்னா இந்த ஊரு இல்ல," என்றார்.

ஆடிக் கடைசியில் எதிர் ஆபீஸ் போர்டில் புது அறிவிப்பு ஒட்டினார்கள். டீ குடிக்கப் போனவன் படித்தேன். பாறைப்பட்டு கிராமம், முன்னூற்றுப் பதினோரு ஏக்கர், பக்கம் பக்கமாகப் பட்டாதாரர் பெயர். நாற்பத்தேழாவது பெயர் தசரதன். டீ ஆறிப்போனது. போன் செய்தேன். கோதண்டராமன் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். அந்த வயசில் அவ்வளவு வேகமாகப் பைக் ஓட்டக் கூடாது.

போர்டின் முன்னால் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். நாற்பத்தேழில் விரல் நின்றது. பிறகு நேராக மாடி ஏறிப்போனார். நானும் போனேன். நான் தெரியாமல் சொல்லிவிட்டேன், அந்தத் தாளை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உட்காரச் சொன்னார், ஃபைலைத் திருப்பினார்.

"தாராளமா வாங்கிக்கலாம் பெரியவரே. மாற்று இடம் இல்லன்னு ஆயிடும். அப்ப பழைய லிஸ்ட்டுதான் திரும்ப எடுப்போம். ஓதியந்தாங்கல். எழுதிக் குடுங்க, இன்னைக்கே அனுப்பிடறேன்."

கீழே வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு எழுந்தார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன், நீங்களும் வந்து எடுத்துச் சொல்லுங்கள் என்றார். நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன்.

சந்திரகலா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கையைக்கூடக் கழுவவில்லை.

"பாறைப்பட்டுல யாருக்குத் தெரியும்?"

"இன்னும் யாருக்கும் தெரியாது," என்றார் கோதண்டராமன்.

"அப்ப கம்முனு இரு."

"உம்பொண்ணு ஊடுடி அது."

"தெரியும். அவளுக்குப் புருஷன் இருக்கான், மாமனார் இருக்காரு. அவங்களும் நடக்கட்டும். நீ நடந்து வாங்கின இல்ல, அவங்க நடந்தா கெடைக்காதா? அவங்களுக்குக் காஞ்ச கொல்லை, காசு குடுப்பாங்க, வாங்கிகினு பொழைப்பாங்க. நமக்கு இந்தக் கெணத்த உட்டா இன்னா இருக்குது, சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். சந்திரகலாவும் பார்த்தார். எடுத்துச் சொல்ல வந்தவன் நான். ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு, இது குடும்ப விஷயம் என்று சொல்லிக் கிளம்பினேன். அவர் திரும்பி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. எங்காவது பார்த்தால் நல்ல மழை என்பார். நானும் ஆமாம் நல்ல மழை என்பேன்.

பாறைப்பட்டுக்காரர்கள் புரட்டாசியில் நடந்தார்கள். அவர்களுக்கு நம்பிக்கை இருந்தது, அதுதான் கொடுமை. ஓதியந்தாங்கல் நடந்தது, ஜெயித்தது, கண்ணெதிரில் பார்த்தார்களே. தசரதன் ஓதியந்தாங்கலுக்குப் போய் மாத்தாள் கேட்டார். வருகிறோம் என்று எல்லாரும் சொன்னார்கள். பொய் என்று சொல்ல முடியாது, சொல்கிறபோது மனசாரத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த வாரம் நடவு. ஏரி நிரம்பி, சேறு அடித்து, நாற்று முதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு நாள் தள்ளினால் கணு விட்டுவிடும். ஒவ்வொருவனும் மற்றவன் போவான் என்று நினைத்துக் கழனியில் இறங்கிவிட்டான்.

நூற்றைம்பது பேர்கூட இல்லை. அந்த ஒன்பது ஊரில் ஒன்றும் வரவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. சிலர் கையில் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக் கொண்டுவந்திருந்தார்கள், விழுது இறங்கிப் பிஞ்சு பிடித்த செடி. இதுவா கரம்பு என்று காட்டுவதற்காக. பெஞ்சில் ஒரு செடியை வைத்துவிட்டுப் போனாள் ஒருத்தி. அதன் வேரிலிருந்து செம்மண் கரைந்து என் தரையெல்லாம் ஓடியது.

ஓதியந்தாங்கலிலிருந்து ஒரே ஒரு ஆள் வந்திருந்தார். கோதண்டராமன். காலில் சேறு காயாமல் அப்படியே பஸ் ஏறியிருக்கிறார். கடைசி வரிசையில் நின்றார். தசரதன் பார்த்துவிட்டார்.

"இதோ வந்துட்டாரு எங்க சம்பந்தி. ஒரு ஊரே வராட்டியும் இவரு ஒருத்தரு போதும். வாங்க, நீங்கதான் உள்ள பேசணும். உங்களுக்குத்தான் வழி தெரியும்."

வேண்டாம் என்றார். இவர்கள் விடவில்லை. வினோதினி வந்து, அவள் கணவன் எழில் வந்து, கையைப் பிடித்து இழுக்காத குறை. "வாப்பா, நீ சொன்னா கேப்பாங்க," என்றாள் வினோதினி. எனக்கு உடம்பு சரியில்லை, நான் வெளியே நின்று கோஷம் போடுகிறேன் என்று சொல்லித் தப்பித்தார். தசரதனும் நாலு பேரும் போனார்கள். எழில் கோஷத்தை எடுத்துக்கொடுக்க, கோதண்டராமன் மழையில் கையைத் தூக்கிக் கத்தினார். 'எங்கள் நிலம் எங்கள் உயிர்.' மனசுக்குள் என்ன ஓடியதோ, அவரைவிடச் சத்தமாக அன்று யாரும் கத்தவில்லை.

பத்தே நிமிஷத்தில் உள்ளே போனவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். தசரதன் கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். அந்த எழுத்து அவ்வளவு தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. அதிகாரி இந்தத் தடவையும் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். இது நாங்கள் தேடின இடம் இல்லை ஐயா, விவசாயிகளே எழுதிக் கொடுத்தது என்று எடுத்துக் காட்டியிருக்கிறார்.

தசரதன் கோதண்டராமனை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. தாளை எழிலிடம் கொடுத்தார். எழில் படித்துவிட்டு வினோதினியிடம் கொடுத்தான். கோஷம் ஒவ்வொரு குரலாக நின்றது.

"அந்த நாள் நாப்பது பேரு வந்தோம்," என்றார் தசரதன், யாரையும் பார்க்காமல். "வெளிய எங்கள நிக்க வெச்சிட்டு உள்ள எங்க கொல்லையக் குடுத்துட்டு வந்திருக்காரு. அப்புறம் அவரு மல்லாட்டையையும் நாங்களே வந்து புடுங்கிக் குடுத்தோம்."

கூடவே கொண்டுவந்திருந்த டிராக்டர்களில் ஏறினார்கள். வினோதினி கடைசியில் ஏறப்போனாள். தசரதன் குனிந்து, சின்னக் குழந்தையிடம் சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னார். "நீ உங்கப்பாகூடப் போயிடும்மா. உம்மேல தப்பில்ல. ஆனா உன் மூஞ்சியப் பாத்துகினு எங்களால சோறு துன்ன முடியாது."

அவள் எழிலைப் பார்த்தாள். அவன் டிராக்டரின் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதைத் திருப்பினான்.

டிராக்டர்கள் போனபின் அப்பாவும் பெண்ணும் என் கடைக்குள் வந்து நின்றார்கள். வேறு ஒதுங்க இடம் இல்லை. அவள் அழவில்லை. தாளின் கீழ் மூலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்தேன்.

"தண்ணி குடுத்தனேப்பா, அப்ப இதத்தான் எழுதிகினு இருந்தியா?"

"கரம்புன்னு நெனச்சிட்டேன்மா."

"நான் வெளிய நின்னு கத்திகினு இருந்தேன்பா. தொண்ட போச்சு. நாலு நாளு பேச்சு வரல எனக்கு."

கோதண்டராமன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, "வாபஸ் மனு எழுதுங்க வேடியப்பன். இப்பவே. கையெழுத்துப் போட்டுட்டுத்தான் இங்க இருந்து போவேன்," என்றார். நான் எழுதினேன். நாலே வரி. அச்செடுத்து நீட்டினேன், என் பேனாவையும் கொடுத்தேன். எதிர் மாடியில் இன்னும் லைட் எரிந்தது, ஆபீஸ் சாத்த முக்கால் மணி நேரம் இருந்தது. ரோட்டைக் கடந்தால் போதும்.

அவர் படித்தார். முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். பேனாவைக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் வைத்தார். வைத்தபடியே என்னைக் கேட்டார்.

"இதுல போட்டா, எங்க ஊரு திரும்பவும் லிஸ்ட்டுல வந்துடும், இல்ல?"

பதில் அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். பேனா வைத்த இடத்தில் மை ஊறிச் சின்னப் பொட்டாக ஆனது.

வினோதினி வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இனிமேல் போய்ச் சேர இருப்பதும் அந்தக் கிணறும் அந்த மூன்றரை ஏக்கரும்தான். இதை அவள் அங்கே நின்று யோசித்துக்கொண்டிருந்தாளா, எனக்குத் தெரியாது. திரும்பாமலே சொன்னாள்.

"உடுப்பா. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸு வந்துடும். அம்மா தனியா நட்டுகினு இருக்கும்."

அவர் தாளை நாலாக மடித்து என் மேசைமேல் வைத்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மகளுக்குப் பின்னால் படி இறங்கினார். அது என் பேனா. நான் கேட்கவில்லை.